குவளையைக் கையில் கொடுத்தவர்கள்

கொல்கத்தா சியால்டா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பன்காவ் வந்துவிடும். ஊரைத் தாண்டினால் பெட்ராபோல். அதற்கு அந்தப் பக்கம் வங்கதேசம். 1971-இல் அது கிழக்குப் பாகிஸ்தான். அந்த மார்ச் மாதம் பாகிஸ்தான் ராணுவம் கொலைவெறியோடு இறங்கியதும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். அந்த ஆண்டில் இந்தியாவுக்குள் வந்த அகதிகள் சுமார் ஒரு கோடி. பன்காவில் மட்டும் மூன்றரை லட்சம் பேர். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே காலராவும் வந்தது.

பன்காவ் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கு ஒதுக்கியிருந்தவை இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையெங்கும் ஆட்கள் கிடந்தார்கள். ஜூன் கடைசி வாரத்தில் கொல்கத்தாவிலிருந்து ஒரு சிறு குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்தவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். வயது 36. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கொல்கத்தாவில் நடத்திவந்த ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமென்றால் வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டு உட்கார்ந்துதான் நரம்பைத் தேட வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

வந்த 48 மணி நேரத்துக்குள் அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. சலைன் பாட்டில்கள் போதாது. அவற்றை ஏற்றத் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டே பேர். காலரா முற்றிய ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட உடம்பிலிருந்து நீர் போகும். சில மணி நேரத்தில் ஆள் முடிந்துவிடுவார். இரண்டு பேர் ராப்பகலாக ஊசி குத்தினாலும் வாசலில் நிற்கும் வரிசை தீராது.

அடுத்த இரண்டு மாதங்களில் மஹலனாபிஸ் செய்தது மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் அதை மருத்துவர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. ஐந்து பேர் கொண்ட அலுவலகத்தையோ, ஐந்நூறு பேர் கொண்ட தொழிற்சாலையையோ நடத்துகிற எவரும் பன்காவை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் நல்ல டீம் எப்படி உருவாகிறது என்று இன்று மேலாண்மைப் பயிலரங்குகளில் சொல்லப்படுவதற்கும் அங்கே நடந்ததற்கும் நிறைய தூரம் இருக்கிறது. முதலில் திறமைசாலிகளைப் பொறுக்கி எடு, பிறகு அவர்களுக்கு ஊக்கம் கொடு என்பது வழக்கமான பாடம். பன்காவில் பொறுக்கி எடுக்க யாருமே இல்லை. நோக்கத்தை ஒரே வரியில் சொல்லும்படி கூர்மையாக்கி, வேலையை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாக்கி, அங்கே இருந்தவர்களையே டீம் ஆக்கினார் அவர்.

அந்த ஒரு வரி இதுதான்: உடம்பிலிருந்து போகிற நீரும் உப்பும் போகிற வேகத்திலேயே திரும்ப உள்ளே போக வேண்டும். அது நரம்பு வழியாகப் போகிறதா, வாய் வழியாகப் போகிறதா என்பது இரண்டாம் பட்சம்.

வாய் வழியாகவும் போகும் என்பது அப்போது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கொல்கத்தா மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்த அனுபவத்தை 1953-லேயே 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பதை 1960-களில் விஞ்ஞானிகள் விளக்கிவிட்டார்கள். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள் அதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். கொல்கத்தா மையத்திலும் அதே ஆய்வுகள் நடந்தன. மஹலனாபிஸ் அவற்றில் ஈடுபட்டவர்களில் ஒருவர். ஆனால் அவையெல்லாம் ஆராய்ச்சி வார்டில், ஒவ்வொரு மில்லிலிட்டரையும் அளந்து குறித்துக்கொண்டு, டாக்டர்களின் கண் முன்னால் நடந்தவை. 1962-இல் மணிலாவில் உப்பின் அளவு சரியாக அமையாமல் நடந்த ஒரு சோதனையில் நோயாளிகள் இறந்துபோயிருந்தார்கள். அந்தப் பயம் மருத்துவ உலகத்தை விட்டுப் போகவில்லை. படிக்காத, பயிற்சி இல்லாத ஆட்களிடம் இதைக் கொடுப்பதாவது என்று பெரியவர்கள் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

மஹலனாபிஸ் கொடுத்தார்.

கலவையின் சூத்திரத்தை முடிந்தவரை சுருக்கினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. மூன்றே பொருள்கள், மூன்றும் கடையில் கிடைப்பவை. ஏட்டில் இதைவிடத் துல்லியமான கலவைகள் இருந்தன. கைக்கு எட்டியதும் பிழையில்லாமல் கலக்க முடிந்ததும் போதும் என்று முடிவு செய்தார். கொல்கத்தா மையத்தின் நூலக அறை பட்டறையாக மாறியது. அங்கே எடை போட்டு, பாலிதீன் பைகளில் நிரப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, பன்காவுக்கு அனுப்பினார்கள். அடக்க விலை லிட்டருக்குப் பதினோரு பைசா. பன்காவில் அந்தப் பொடியை டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியோடு வந்த அம்மாவோ, கணவனோ, அண்ணனோ ஒரு குவளையில் பிடித்துப்போய் வாயில் ஊற்ற வேண்டும். தாகம் அடங்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர் குறைந்தவருக்குத் தாகம் எடுக்கும். ஈடுகட்டியதும் குடிப்பது தானாகவே குறையும். அளவுக்கோலை உடம்பே வைத்திருந்தது.

டாக்டர்களுக்கு என்ன மிச்சம்? வந்து சேரும்போதே நாடி விழுந்து, குடிக்கவே தெம்பில்லாமல் கிடப்பவர்களைப் பிரித்தெடுத்து, இருக்கிற சலைனை அவர்களுக்கு மட்டும் ஏற்றுவது. அவர்கள் கண் திறந்ததும் அவர்களுக்கும் குவளைதான். பயிற்சி பெற்ற கைகள் இரண்டே ஜோடி என்றால், பயிற்சி பெற்ற கைகளால் மட்டுமே முடிகிற வேலைக்கு அவற்றை ஒதுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எத்தனை மேலாளர்கள் இதைச் செய்கிறார்கள்? தனக்குத் தெரிந்த வித்தையைத் தன் கையிலேயே வைத்திருந்தால்தான் தன் நாற்காலிக்கு மதிப்பு என்று நினைக்கிற இடத்தில் எந்த டீமும் வளராது.

எதிர்ப்பும் வந்தது. முகாமில் வேலை செய்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை. டிரிப்ஸ்தான் வைத்தியம், உப்புத் தண்ணீர் என்ன வைத்தியம் என்றார்கள். மஹலனாபிஸ் அவர்களோடு வாதம் செய்து நேரத்தைக் கழிக்கவில்லை. இதுவும் சலைன்தான், வாயால் குடிக்கிற சலைன் என்றார். 'ஓரல் சலைன்' என்ற அந்தப் பெயர் நிலைத்தது. வேலை செய்பவர்களின் நம்பிக்கையை அவர்கள் ஏற்கெனவே மதிக்கிற ஒன்றோடு கோத்துவிட்ட சாதுரியம் அது. இரண்டு மூன்று வாரங்களில் வார்டில் பிழைத்து எழுந்தவர்களே மிச்சச் சந்தேகத்தையும் தீர்த்துவிட்டார்கள்.

அந்த வார்டை ஒரு வேலையிடமாகப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அங்கே தலைவர் யாரையும் உற்சாகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு தாய் குவளையைப் பிடித்து நிற்கும்போது அவளுக்கு என்ன ஊக்கவுரை தேவை? அவளுக்கு இல்லாமல் இருந்தது ஆர்வம் அல்ல. என்ன செய்வது என்ற தெளிவும், செய்யலாம் என்ற அனுமதியும்தான். பல அலுவலகங்களில் 'ஆட்களிடம் ஈடுபாடு இல்லை' என்று புலம்புகிறவர்கள், அந்த ஆட்களிடம் இந்த இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

சுமார் 3,700 நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை நடந்தது. அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. கலவையைத் தயாரிக்கும் முறையைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து எல்லையோரம் விநியோகித்தார்கள். விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலி அதை எல்லைக்கு அப்பாலும் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் தீமன் பருவா முகாமுக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போய், ஜெனீவாவில் அதற்காக வாதாடினார். மஹலனாபிஸின் கட்டுரை 1973-இல் வெளியானது. 1978-இல் லான்செட் தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. இன்று நம்மூர் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டு வாங்குகிறோமே, அதன் வம்சாவளியில் பன்காவ் டிரம்முக்கு முக்கியமான இடம் உண்டு.

இந்தக் கதையின் அடுத்த பாகம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது. டீம் விஷயத்தில் அது இன்னும் கறாரான பாடம்.

வங்கதேசத்தில் ஃபசல் ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறையை நாட்டின் ஒவ்வொரு தாய்க்கும் வீடு தேடிப்போய்க் கற்றுக்கொடுக்க முடிவு செய்தது. பாக்கெட்கூட வேண்டாம், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980-இல் பெருமளவில் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளை எட்டினார்கள். போனவர்கள் பெரும்பாலும் ஓரளவு படித்த கிராமத்துப் பெண்கள். அவர்களுடைய சம்பளத்தை பிராக் நிர்ணயித்த விதம் விசேஷமானது. எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்று பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்மார்களில் சிலரைக் கலக்கிக் காட்டச் சொல்வார். கற்றது எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். டார்கெட் என்ற பெயரில் எண்ணிக்கையை மட்டும் துரத்துகிற நிறுவனங்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவு செய்தும் முதலில் பலிக்கவில்லை. தாய்மார்கள் பாடத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள்; பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கலக்கிக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று விசாரித்தபோது சங்கடமான உண்மை வெளிவந்தது. கற்றுக்கொடுக்கப் போன பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். பிராக் அவர்களைத் திட்டவில்லை, மாற்றவும் இல்லை. டாக்காவில் உள்ள ஆய்வு மையத்துக்கு அழைத்துப்போய், இது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைத்தது. கூடவே ஊர் ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் நிலைமை மாறியது. நோக்கத்தைச் சுவரில் எழுதி மாட்டுவதால் அது ஊழியருடையது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது கஷ்டம்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 16 மருத்துவமனைகளின் இதய அறுவை சிகிச்சைக் குழுக்களை ஆராய்ந்து 2001-இல் எழுதியதும் இங்கே ஒத்துப்போகிறது. ஒரு புதிய அறுவை முறையை வேகமாகக் கற்றுக்கொண்ட குழுக்களின் வெற்றிக்குத் தலைமை சர்ஜனின் புகழோ அனுபவமோ காரணமாக இருக்கவில்லை. இது நாம் எல்லோரும் சேர்ந்து கற்க வேண்டிய வேலை என்று அவர் சொன்னாரா, நர்ஸ் வாய் திறந்து சந்தேகம் கேட்க முடிந்ததா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சர்ஜனின் கத்தி தவிர மற்ற வேலைகளில் பெரும்பகுதியை அவர்களிடம்தான் ஒப்படைத்தார்.

திரும்பவும் கொல்கத்தாவுக்கே வருவோம். சித்தரஞ்சன் அவென்யூவில் அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது நலவாழ்வு நிறுவனம் இருக்கிறது. அதே சாலையில் வடக்கே போனால் சோனாகாச்சி. ஆயிரக்கணக்கான பாலியல் தொழிலாளர்கள் வாழ்கிற சந்துகள். 1992-இல் எய்ட்ஸ் பயம் நாடெங்கும் பரவியபோது, அந்த நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானாவை அங்கே கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். அப்போது பேச்சில் இருந்த வழிகள் போலீஸ், கட்டாயப் பரிசோதனை, மறுவாழ்வு இல்லம் ஆகியவைதான்.

ஜானா தொழில்சார் நோய்களைப் படித்தவர். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் கெட்டால் அது அவருடைய ஒழுக்கக் கேடு என்று யாரும் சொல்வதில்லை. வேலையிடத்தில் பாதுகாப்பு இல்லை என்கிறோம். இங்கேயும் அதே பார்வையோடு இறங்கினார். அந்தப் பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார். பச்சை நிற மேலங்கியும் அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு அவர்கள் அறை அறையாகப் போனார்கள். அதுவரை போலீஸ் பார்த்தால் ஒதுங்கி நின்றவர்கள், சுகாதாரப் பணியாளர்களாக அதே சந்தில் நிமிர்ந்து நடந்தார்கள். மரியாதை கொடு, அவர்களை நம்பி வேலையை விடு, அவர்களுடைய தொழிலையும் உரிமையையும் அங்கீகரி என்பவைதான் ஜானா வகுத்துக்கொண்ட மூன்று விதிகள்.

பிரச்சினை அவர் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. ஆணுறை வேண்டும் என்று ஒருத்தி சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். எல்லோரும் சேர்ந்து சொன்னால்தான் எடுபடும். ஆக, சங்கம் வேண்டும். சேர்ந்து சொல்லவும் பலருக்குத் துணிவில்லை. கந்துவட்டிக்காரரிடம் கடன் இருந்தது, ஒரு வாடிக்கையாளரைக் கூட இழக்க முடியாது. ஆக, வங்கி வேண்டும். ஆணுறையில் தொடங்கிய திட்டம், அந்தப் பெண்கள் சொல்லச் சொல்ல விரிந்தது. 1995-இல் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி பிறந்தது. அதே ஆண்டில் உஷா கூட்டுறவுச் சங்கம். மேலேயிருந்து கொடுத்த திட்ட அறிக்கையோடு ஜானா நின்றிருந்தால் இது நடந்திருக்காது. கீழேயிருந்து வந்த பேச்சுக்குக் காது கொடுத்து, தன் இலக்கின் எல்லையைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டார்.

உஷாவைப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் ஒரு சமரச யோசனை சொன்னார்கள்: தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டுக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சட்டத்தில் உறுப்பினருக்கு நல்லொழுக்கம் வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அந்தப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். பாலியல் தொழிலாளர் என்றே பதிவு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் அரசுதான் இறங்கிவந்தது, பதிவும் கிடைத்தது. பிறகு தினசரி வசூல்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறு தொகையைச் சேமிப்பாக வாங்கினார்கள். உறுப்பினர் எண்ணிக்கை பல ஆயிரமாக வளர்ந்தது. 1999-இல் சோனாகாச்சி சுகாதாரத் திட்டத்தின் நிர்வாகமே தர்பாரின் கைக்கு வந்தது. தான் கட்டிய திட்டத்தின் சாவியை அதன் பயனாளிகளிடம் கொடுத்த அரசு நிறுவனங்கள் இந்தியாவில் அபூர்வம்.

தர்பாரின் நிலைப்பாட்டை எல்லோரும் ஏற்பதில்லை. பாலியல் தொழிலைத் தொழில் என்று ஏற்பதே சுரண்டலுக்குத் துணைபோவது என்று வாதிடும் பெண்ணியவாதிகள் உண்டு. அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிறுமிகளும் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தத் தொழிலுக்குள் தள்ளப்படுவதைத் தடுக்கத் தர்பார் தனக்கென ஒழுங்குமுறைக் குழுக்களை அமைத்ததும் அந்தக் கேள்வி தனக்கும் உண்டு என்று தெரிந்துதான். ஆனால் ஒரு நோக்கத்துக்காக ஆட்களைத் திரட்டும் கலை என்று பார்த்தால், படித்தவர்கள் யாரும் டீம் என்று நினைத்தே பார்த்திராத ஆட்களை வைத்து ஜானா கட்டியது நின்று நிலைத்தது.

கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டார் ஐந்தில் உள்ள ஐ.டி. அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களின் நிலைமை வேறு. அங்கே உயிர் போகிற அவசரம் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு டீம் லீடர் மஹலனாபிஸிடமிருந்தும் ஜானாவிடமிருந்தும் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு வேலைகள் உண்டு. தன் குழு எதற்காக இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரே வாக்கியத்தில் கேட்டுப் பார்க்கலாம். தன்னால் மட்டுமே முடியும் என்று தான் பிடித்துவைத்திருக்கிற வேலைகளில் எது உண்மையிலேயே அப்படிப்பட்டது என்று பட்டியல் போடலாம். பட்டியல் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

மஹலனாபிஸ் பின்னர் உலக சுகாதார நிறுவனத்திலும் டாக்காவின் ஆய்வு மையத்திலும் பணியாற்றிவிட்டுக் கொல்கத்தாவுக்கே திரும்பினார். தான் பணியைத் தொடங்கிய கொல்கத்தா குழந்தைகள் நல மருத்துவமனைக்கு ஒரு கோடி ரூபாய் நன்கொடை கொடுத்தார். 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிப்பு அடுத்த ஜனவரியில்தான் வந்தது. நாடு தாமதித்துவிட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜானா 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பலியானார். கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்ட வழக்கை 2011-இல் பொதுநல வழக்காக மாற்றிய உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களின் வாழ்நிலை குறித்துப் பரிந்துரைக்க ஒரு குழு அமைத்திருந்தது. அதில் மூத்த வழக்கறிஞர்களோடு தர்பாருக்கும் உஷா கூட்டுறவுச் சங்கத்துக்கும் இடம் கொடுத்திருந்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு 2022 மே 19 அன்று உத்தரவிட்டது. ஜானா இறந்து ஓராண்டு கடந்திருந்தது. தர்பாரும் உஷாவும் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தன.